நடை கொடுத்த மாத்திரை

மனநல மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு சொல்லின்மேல் தனிப் பிரியம் இருப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் வந்து, "என்னை யாரோ பின்தொடர்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் உங்கள் கை ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டுவிடுகிறது. எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வரும். நோயாளிக்கு அல்ல, நமக்கு.

சந்தேகம் காய்ச்சலைப் போன்றது. உடம்பு சுடுகிறது என்று ஒருவர் சொன்னதும் மலேரியா மாத்திரையை நீட்டிவிட மாட்டீர்கள். எதனால் சுடுகிறது என்று பார்ப்பீர்கள். தைராய்டு சுரப்பி துள்ளினாலும் மனிதனுக்குச் சந்தேகம் வரும். காது மந்தமானவருக்கு மருமகள் ரகசியம் பேசுவதாகத் தோன்றும். ஆஸ்துமாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, சிறுநீரில் புகுந்த கிருமி, ரத்தத்தில் குறைந்த உப்பு, கெட்டுப்போன தூக்கம், குடித்தது, குடியைத் திடீரென்று நிறுத்தியது, பயம், தனிமை என்று அது உள்ளே வர எத்தனையோ வாசல்கள் உண்டு. சில சமயம், உண்மையாகவே யாரோ பின்தொடர்வதாலும் வரும். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்த்த ஓர் இளைஞர், தன் கம்ப்யூட்டர் தன்னைப் படம் பிடிப்பதாகவும், தன் விரல் எத்தனை முறை தட்டுகிறது என்று யாரோ எண்ணுவதாகவும் சொன்னார். என் உதவி டாக்டர் அதை வெறும் பிரமை என்று எடுத்துக்கொண்டு, ‘கண்காணிக்கப்படுவதாக மருட்சி’ என்று அழகாக எழுதிக்கொண்டார். மறுநாள் கம்பெனியின் மனிதவள அதிகாரி வந்து, அது தாங்கள் புதிதாக வாங்கியிருக்கும் மென்பொருள் என்றும், ஊழியர்களின் நலனுக்காகவே வாங்கியது என்றும் பெருமையோடு விளக்கினார். அந்த அதிகாரியை வார்டில் சேர்க்க நமக்குச் சட்டத்தில் இடமில்லை.

இதெல்லாம் ஓரளவு உங்கள் பாடத்தில் வந்துவிடும். பாடத்தில் வராத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சேதுராமன் அரசாங்கத்தில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவர். பாலம் கட்டியதாகக் கணக்கு வந்தால், முதலில் ஆற்றைக் காட்டு என்பாராம். எழுபதைத் தாண்டியபின் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் மனைவி கோமதியோடு இருந்தார். மகன் ரமேஷ் வேலை காரணமாகக் கழக்கூட்டத்தில் தனியாக இருந்தார். எங்கள் மருத்துவமனையின் நரம்பியல் டாக்டர் ஒரு மாத்திரையைத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார். கால் விடுபட்டது. வாசலைத் தாண்டாதவர் தினமும் காலையில் பழவங்காடி வரை நடந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். நரம்பியல் டாக்டர் அந்த நடையை வீடியோ எடுத்து மாநாடுகளில் காட்டினார். கைதட்டினார்கள்.

இந்தச் சமயத்தில்தான், தன் மனைவிக்கும் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் வேணுவுக்கும் தொடர்பு இருப்பதை அவர் கண்டுபிடித்தார்.

ஆதாரம் தண்ணீர் மோட்டார். காலையில் வேணு மோட்டாரைப் போடுகிறார். உடனே கோமதி சமையலறைக் குழாயைத் திறக்கிறார். இது சமிக்ஞை. அந்தக் கணக்குப்படி அடுக்ககத்திலுள்ள அத்தனை பெண்களும் வேணுவின் காதலிகளாக இருந்தாக வேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. சேதுராமன் சங்கத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தார். வெறும் பொறாமைக்காரர் கத்தியிருந்தால் சிரித்திருப்பார்கள். இவரோ தணிக்கை அதிகாரி. பத்தி பிரித்து, எண் போட்டு எழுதியிருந்தார். சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது.

லிஃப்டுக்கு வெளியே இருந்த கேமராவின் பதிவுகளை நிர்வாகக் குழுவினர் சாயங்காலங்களில் கூடி உட்கார்ந்து டீயும் பழம்பொரியுமாகப் பார்த்தார்கள். வேணுவுக்கு எதிராக ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற வீடுகளைப் பற்றி நிறையக் கிடைத்தது. இருந்தாலும் ஏதாவது செய்ததாக இருக்க வேண்டுமே என்று, செயலாளர் மோட்டார் அறைக்குப் போகும்போது வேறோர் ஆண் உறுப்பினர் கூடப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஒரு தீர்மானம் போதும். அதுவரை நம்பாதவர்களும், ஒன்றும் இல்லாமலா தீர்மானம் போடுவார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள்.

கோமதி பாராயணக் குழுவுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பால்கனியில் துணி உலர்த்துவதையும் நிறுத்தினார். சேதுராமன் நடைக்குப் போகும்போது வெளியே பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோனார். அண்டை வீட்டாருக்கு இது தெரியும். அது அவர்கள் குடும்ப விஷயம் என்று இருந்தார்கள்.

ஒருநாள் அவர் மோட்டார் அறைக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பழவங்காடிக்கு நடந்துவிட்டார். அடுக்ககம் முழுவதும் பல் தேய்க்கத் தண்ணீர் இல்லை. ஒரு பெண்ணின் மானம் போனபோது பொறுமை காத்தவர்கள், தண்ணீர் போனதும் கொதித்து எழுந்தார்கள். அன்றைக்கே ரமேஷைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு உடனடியாகச் சிகிச்சை தேவை என்றார்கள். சங்கப் பொருளாளருக்குத் தெரிந்த ஒரு கிளினிக் இருந்தது. அங்கே சேதுராமனைப் பார்த்து, அவர் சொன்னதில் பாதியைக் கேட்டு, நீங்கள் ஆசையோடு எழுதும் அந்தச் சொல்லை எழுதி, அதற்குரிய மாத்திரையும் கொடுத்தனுப்பினார்கள். எழுபது வயதுக்குமேல் அந்த நோய் புதிதாக வருவது அபூர்வம் என்பதையோ, இவர் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்பதையோ கேட்கவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்ததாம்.

கொஞ்ச நாளில் சேதுராமன் மரக்கட்டையாகிவிட்டார். கை மடங்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. அந்த நிலையில்தான் எங்கள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் குனிந்து காதை வைத்துத்தான் அவர் பேசுவதைக் கேட்க வேண்டியிருந்தது.

"டாக்டர், ஆத்துல என் சாப்பாட்டுல என்னமோ கலக்கறா."

என் உதவி டாக்டர் துடிப்பானவர். ‘உணவில் நஞ்சு கலப்பதாக மருட்சி’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். நான் ரமேஷைப் பார்த்தேன்.

"கலக்குறீங்களா?"

ரமேஷ் அம்மாவைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "விஷமொண்ணும் இல்லை டாக்டர். கிளினிக்ல குடுத்த டேப்லெட்டாக்கும். நேரா குடுத்தா துப்பிடறார். அதான் பொடிச்சு சட்னியில..."

"அந்த வரியை அடிச்சிடுங்க" என்று உதவி டாக்டரிடம் சொன்னேன்.

பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் டோபமின் என்ற ரசாயனம் வற்றிப்போகிறது. நரம்பியல் டாக்டரின் மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. கிளினிக்கின் மாத்திரை அதே டோபமினைத் தடுக்கிறது. ஒரே மனிதரின் தலைக்குள் காலையில் ஒரு டாக்டர் கதவைத் திறக்க, சாயங்காலம் இன்னொரு டாக்டர் அதை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நடுவில் தேங்காய்ச் சட்னி இருந்தது.

கிளினிக்கின் மாத்திரையை நிறுத்தினேன். கிருமி, உப்பு, தைராய்டு, வைட்டமின் என்று பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தோம்; மறதி நோயின் அடையாளம் இருக்கிறதா என்றும் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கோமதியைத் தனியாக என் அறைக்கு அழைத்தேன். திருவனந்தபுரத்தில் எல்லோரும் அழைப்பதுபோல நானும் மாமி என்றே அழைத்தேன். நான் மார்த்தாண்டத்துக்காரி, அவர் பேச்சு ஒரு மாதிரி, என் பேச்சு ஒரு மாதிரி.

"மாமி, இது எப்போ ஆரம்பிச்சது?"

"நடை சரியானப்பறமாக்கும்."

"அதோட புதுசா வேற ஏதாவது வந்துதா?"

அவர் யோசித்தார். "லாட்டரி வாங்கறார். ஜன்மத்துல வாங்கினவர் இல்லை, கேட்டேளா. முட்டாள்களுக்கு கவர்மென்ட் போடற வரின்னு சொல்லிண்டிருந்தவர். இப்போ பழவங்காடியில லாட்டரிக்காரன் இவரைக் கண்டா எழுந்து நிக்கறான். பின்னே, மிக்ஸியைப் பிரிச்சுப் போடறார். சேக்கறார். பின்னேயும் பிரிக்கறார். அதுல ரிப்பேர் ஒண்ணும் இல்லை."

எனக்குப் பாதி விளங்கிவிட்டது. லாட்டரியை இகழ்ந்தவருக்குச் சூதாட்டம், காரணமில்லாமல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, மனைவிமேல் சந்தேகம். மூன்றும் நல்ல நடையோடு ஒரே வண்டியில் வந்து இறங்கியிருந்தன. நடை கொடுத்த அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும். குடும்பம் மூன்றில் ஒன்றைத்தான் நோய் என்று நினைத்தது. லாட்டரி கேரளத்தில் நோய்க்கணக்கில் வராது.

"அவர் சொல்றதுல வாஸ்தவம் உண்டான்னு நீங்க கேக்கலையே?" என்றார் கோமதி.

நம் தொழிலில் அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டேன்.

"இப்படி நேரா கேட்டது நீங்க ஒருத்தர்தான். மத்தவாள்லாம் என்னைக் கண்டா சௌக்யமான்னு கேக்கறா. அதை எப்படிக் கேக்கறான்னு இருக்கே." புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "வாஸ்தவம் இல்லை டாக்டர். ஆனா ஒண்ணு சொல்றேன். கல்யாணமானதுலேர்ந்து இவர் என்னை இத்தனை கவனிச்சதே கிடையாது. நான் என்ன கலர்ல புடவை கட்டிண்டிருக்கேன்னு இப்போதான் முதல்தடவையா பாக்கறார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டு மூன்று நாளில் சேதுராமனின் உடம்பு இளகியது. இளகியதும் குரலும் வந்தது. சாவி எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வேணு, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வார்டுக்குள் வந்தார். நல்லவர்கள் எப்போதும் தவறான நேரத்தில்தான் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

சேதுராமன் பக்கத்திலிருந்த ஸ்டீல் கூஜாவை வீசினார். அது வேணுவின் தோளில் பட்டுச் சுவரில் மோதியது. கட்டிலிலிருந்து இறங்கி, "இவனை இங்கேயும் வரவழைச்சிருக்கா" என்று கோமதியை நோக்கிக் கையை ஓங்கினார். ஒரு நர்ஸ் குறுக்கே போய் நின்றார். ரமேஷ் என்னிடம், "ஊசி ஏதாவது போடுங்க டாக்டர், ப்ளீஸ்" என்றார். உதவி டாக்டர் அதற்குள் ஊசியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள் இருந்தது கிளினிக் மாத்திரையின் பெரியண்ணன். அதைப் போட்டிருந்தால் வார்டு அமைதியாகியிருக்கும். சேதுராமனும் மறுபடி மரக்கட்டையாகியிருப்பார்; இந்தத் தடவை விழுங்குவதோடு மூச்சும் சேர்ந்து நின்றிருக்கலாம்.

இந்த மாதிரி சமயத்தில் வார்டில் உள்ள எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். எதையாவது செய்யுங்கள் என்று ஒவ்வொரு முகமும் சொல்லும். நாம் போடும் ஊசிகளில் எத்தனை நோயாளிக்கு, எத்தனை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்று நான் யோசித்ததுண்டு.

ஊசியைத் திருப்பி அனுப்பினேன். வேணுவைப் பழத்தோடு வெளியே போகச் சொன்னேன். கோமதியை நர்ஸ் அறையில் உட்காரவைத்தேன். கதவை விரியத் திறந்துவிட்டு, அதற்கும் கட்டிலுக்கும் நடுவில் நிற்காமல், ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சேதுராமன் நின்றுகொண்டே இருந்தார். மூச்சு வாங்கியது.

"சார், நீங்க தணிக்கையில இருந்தவங்க. எனக்கு முதல்லேருந்து சொல்லுங்க. எப்போ கண்டுபிடிச்சீங்க?"

அவரிடம் அதுவரை எல்லோரும், அப்படியெல்லாம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கேட்கக் கேட்க, இதை என்னைவிட நரம்பியல் டாக்டர் கேட்பதுதான் முக்கியம் என்று தோன்றியது.

வேணுவைப் பிறகு வராந்தாவில் பார்த்தேன். தோளைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "டாக்டரே, என் பாரியாள் மரிச்சுப் போயி. மக்களெல்லாம் கல்ஃபில். எனக்கு இப்போ ஆகெ உள்ளது அந்த மோட்டார் மட்டும்தான்" என்றார். மனைவி இறந்து, பிள்ளைகள் தொலைவில் இருக்க, காலையில் அந்தப் பொத்தானை அழுத்துவதற்காகவே எழுந்திருக்கும் மனிதர். இப்போது அதற்கும் ஒரு காவலாள்.

நரம்பியல் டாக்டரைப் பற்றிச் சொல்வதற்குமுன் எங்கள் மருத்துவமனையின் பொதுவான உடல்நிலையைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அவர்களுடைய நோயாளிகளைக் கவர்ந்துகொள்ளப் பார்க்கிறோம் என்று நரம்பியல் துறைக்கு நீண்டகாலச் சந்தேகம். அவர்கள் தங்களுக்குப் புரியாததையெல்லாம் எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம். இரண்டு துறைகளும் சேர்ந்து தனக்கு எதிராக ஏதோ செய்கின்றன என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. மாதம் ஒருமுறை கூடி பிஸ்கட் சாப்பிடுவோம்.

மாத்திரையின்மேல் எனக்கிருந்த சந்தேகத்தைப் போய்ச் சொன்னதும் நரம்பியல் டாக்டர் தன் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினார். மலையாளத்தில் அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். "இந்த நடையைப் பாருங்கள். இதையா குறைக்கச் சொல்கிறீர்கள்? மனம் கெட்டால் மருந்தைக் குற்றம் சொல்வது உங்கள் துறைக்கு வழக்கம்."

"குறைக்கச் சொல்லவில்லை, டாக்டர். அவர் பேசுவதை உட்கார்ந்து கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்றேன். வந்தார், முதலில் உட்காரவில்லை.

சேதுராமன் அவரைக் கண்டதும் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது. "சார், நீங்கதான் எனக்கு தெய்வம். உங்க மாத்திரையைக் கூட்டினப்பறம்தான் எனக்குக் கண்ணே திறந்தது. அதுக்கு முன்னாடி இவளைப் பத்தி ஒண்ணும் தெரியாம இருந்தேன். ஒவ்வொரு தடவை நீங்க கூட்டறச்சேயும் இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுது."

நரம்பியல் டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு லாட்டரியைப் பற்றியும் மிக்ஸியைப் பற்றியும் அவராகவே கேட்டார். அன்று மாலையே டோஸைக் குறைத்தார். ஒரேயடியாக நிறுத்தாமல், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறக்கினார். அதில் அவருடைய கைத்திறமை முழுதாகத் தெரிந்தது. அந்த வீடியோவை அவர் அதற்குப் பிறகும் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். மீதிக் கதையையும் சேர்த்துச் சொல்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். அதற்குக் கைதட்டல் குறைவுதான்.

சந்தேகம் ஒருநாளில் போகவில்லை. முதலில் லாட்டரி போனது. பிறகு மிக்ஸி பிழைத்தது. மோட்டார் சத்தம் கேட்கும்போது மட்டும் அவர் முகம் இறுகும். பிறகு அதுவும் குறைந்தது. கூடவே நடையும் போனது. கால் பழையபடி தரையைத் தேய்த்தது. திரும்புவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. பழவங்காடி அவருக்கு மறுபடியும் வெளியூராகிவிட்டது.

ஒருநாள் இருவரும் என் அறைக்கு வந்திருந்தார்கள்.

"பழைய டோஸைத் திரும்பக் குடுத்தா நடப்பேனா டாக்டர்?" என்று கேட்டார்.

"நடப்பீங்க."

"அதுவும் வருமா?"

எது என்று அவர் சொல்லவில்லை. "வர வாய்ப்பு உண்டு சார்" என்றேன்.

"அப்போ வேண்டாம். இப்படியே இழுத்துண்டு நடக்கறேன்." பிறகு கோமதியிடம் திரும்பி, "உனக்கு என்மேல கோவமா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அது எப்போ போகும்?"

"அது மாத்திரையைக் குறைச்சா போறது இல்லை" என்றார் கோமதி. ஆனாலும் அவர் எழுந்தபோது கைகொடுத்தது கோமதிதான்.

நான் இங்கே முடித்திருந்தால் இது வைத்தியத்தின் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். மருந்தால் வந்தது மருந்தோடு போயிற்று. ஆனால் அடுக்ககத்தில் யாரும் எந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கவில்லை. அங்கே அந்தத் தீர்மானம் அப்படியே இருந்தது. வேணுவுடன் ஒருவர் மோட்டார் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாராயணக் குழுவில் கோமதி உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தன்னைக் கூட்டிப்போகும்படி சேதுராமன் கேட்டிருக்கிறார். அங்கே நடந்ததைக் கோமதி என்னிடம் வந்து சொன்னார். சேதுராமன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மெலிந்துபோன குரலில், அலுவலகத்தில் பேசுவதுபோலவே பேசினாராம். அந்தத் தீர்மானத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் தன் சொல். அந்தச் சொல் தவறு. உடம்புக்குக் கொடுத்த மருந்து தன்னை அப்படிப் பேசவைத்தது. ஆதாரமில்லாத தீர்மானத்தை நீக்க வேண்டும். வேணுவிடமும் தன் மனைவியிடமும் சங்கம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

பரிசீலிக்கலாம் என்றார் தலைவர். பின்வரிசையில் பொருளாளரின் மனைவி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது கோமதியின் காதில் விழுந்தது. "பாவம், சுகமில்லாத மனுஷனல்லே. வீட்டுல சொல்லிக்குடுத்ததைச் சொல்றார்."

நோய் முற்றியிருந்தபோது அவர் சொன்னதை நம்பியவர்கள், குணமானபின் சொன்னதை நோய் என்றார்கள். இதற்கு நம் புத்தகங்களில் பெயர் இல்லை, தேடாதீர்கள்.

"நீங்க என்ன செஞ்சீங்க மாமி?" என்று கேட்டேன்.

"என்ன செய்யறது? கையைப் பிடிச்சுண்டு கிளம்பினோம். அந்த ஹால் பெரிசாக்கும். இவர் நடை உங்களுக்குத் தெரியுமே, வாசலுக்குப் போய்ச் சேர யுகமாறது. நாங்க நடுவுல போயிண்டிருக்கறச்சே அவாளுக்கு எழுந்திருக்கவும் முடியலை, வேற விஷயம் பேசவும் முடியலை. எல்லாரும் பாத்துண்டு உக்காந்திருக்கா. இவருக்குக் கூச்சமாப் போச்சு. வேகமா நடக்கப் பாத்தார், கால் பின்னித்து."

"அப்புறம்?"

"பையப் போங்கோன்னேன் டாக்டர். ஒரு அவசரமும் இல்லை, அவா நன்னா பாக்கட்டும்னேன்."